மஞ்சள் மாத்திரையின் மரியாதை கெட்ட சரித்திரம்

மருந்துக்கடை அலமாரியில் மீன் எண்ணெய்க்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவே மிடுக்காக நிற்கிறதே ‘கோஎன்சைம் கியூ10’ டப்பா, அதன் மேல் இரண்டு வாசகங்கள் தவறாமல் இருக்கும். செல்களுக்குச் சக்தி. இதயத்துக்கு நலம். இந்த இரண்டு வரிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான கூத்து இருக்கிறது. ஜெர்மன்காரர், வெள்ளைக்காரர், பீமவரத்துக்காரர், எலி, குதிரை, மாடு, புகையிலைச் செடி என்று எல்லோருக்கும் அதில் வேஷம் உண்டு. முக்கால்வாசிப் பேர் வேறு எதையோ தேடிப் போய் இதில் வந்து மாட்டிக்கொண்டவர்கள்.

முதல் காட்சி மியூனிக், 1890கள். ஹான்ஸ் பூக்னர் என்ற பேராசிரியருக்கு ஈஸ்ட்டைப் பிழிந்து சாறெடுத்தால் மருந்தாகும் என்று ஒரு நம்பிக்கை. கவனியுங்கள், கதை தொடங்கும்போதே ஒருவர் டானிக் செய்யத்தான் பார்க்கிறார். ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, துணியில் கட்டி, அழுத்த இயந்திரத்தில் பிழிந்தார்கள். சாறு வந்தது. வந்த வேகத்தில் கெட்டும் போனது. பழப்பாகு கெடாமலிருக்கச் சர்க்கரை போடுகிறார்களே, நாமும் போடுவோம் என்று சர்க்கரையைக் கொட்டினார்கள். கெடாமல் இருப்பதற்குப் பதிலாகச் சாறு குபுகுபுவென்று நுரைக்க ஆரம்பித்தது. செத்த ஈஸ்ட்டின் சாறு சாராயம் காய்ச்சுகிறது!

அண்ணன் கவலைப்பட்டிருக்க வேண்டும். தம்பி எடுவார்ட் பூக்னர் கவலைப்படவில்லை, கட்டுரை எழுதினார். உயிருள்ள செல் இல்லாமல் நொதித்தல் நடக்காது என்று லூயி பாஸ்டர் அடித்துச் சொல்லியிருந்தார். அவர் 1895இல் காலமாகிவிட்டார், எடுவார்டின் கட்டுரை 1897இல் வந்தது. ஒரு பெரிய பஞ்சாயத்து மிச்சம். 1907இல் தம்பிக்கு நோபல் பரிசு. அண்ணனின் டானிக் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து லண்டன், லிஸ்டர் நிறுவனம், 1906. ஆர்தர் ஹார்டன், வில்லியம் யங் என்ற இருவர் அதே ஈஸ்ட் சாற்றை வடிகட்டி இரண்டாகப் பிரித்தார்கள். வடிகட்டியில் தங்கியதற்கும் வேலை ஓடவில்லை, கீழே இறங்கியதற்கும் ஓடவில்லை. இரண்டையும் மறுபடி சேர்த்தால் நுரை பொங்கியது. சரி, கீழே இறங்கியதைக் கொதிக்க வைத்துத்தான் பார்ப்போமே என்று கொதிக்க வைத்தார்கள். நொதி என்றால் கொதித்ததும் சாக வேண்டும். இது சாகவில்லை. நொதியைவிடச் சின்னதாக, சூட்டைத் தாங்குகிற ஏதோ ஒன்று கூடவே இருந்து வேலை பார்க்கிறது என்று தெரிந்தது. மனிதன் கையில் சிக்கிய முதல் துணைநொதி, அதாவது கோஎன்சைம், அதுதான். 1929இல் ஹார்டனுக்கு நோபலில் பாதி கிடைத்தது, மீதிப் பாதி ஸ்வீடனிலிருந்த ஹான்ஸ் ஃபான் ஆய்லருக்குப் போயிற்று. யங்குக்குக் கிடைக்கவில்லை. துணையாக இருப்பவர்களின் கதி அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

அதே 1929இல்தான் நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் மேடைக்கு வருகிறார். எல்லாப்பிரகத சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை அறைக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். விளைவு, முழு எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு எல்.எம்.எஸ். என்ற இரண்டாந்தரப் பட்டம். கொஞ்ச நாள் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, 1923இல் பாஸ்டனில் போய் இறங்கினார். பிழைப்புக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து தசையைப் பிரித்து மேய்ந்து, முதலில் பாஸ்ஃபோகிரியாட்டினையும் பிறகு ஏ.டி.பி.யையும் கண்டெடுத்தார். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே வருஷம் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார்.

இன்றைக்கு உலகத்தில் எந்தச் சத்து மாத்திரை டப்பாவை எடுத்தாலும் ‘ஏ.டி.பி. உற்பத்திக்கு’ என்று இருக்கும். செல்லின் சக்தி என்றால் அதுதான். நம் உடம்பு ஒரு நாளைக்குத் தன் எடை அளவுக்கு ஏ.டி.பி.யைச் செய்து செலவழிக்கிறது. கையிருப்போ எந்த நேரத்திலும் சில நூறு கிராமைத் தாண்டாது. ஹார்வர்ட் சுப்பாராவுக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940இல் அவர் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போய்விட்டார். சென்னையில் பட்டத்தில் பாதியைப் பிடுங்கினார்கள், பாஸ்டனில் நாற்காலியைக் கொடுக்கவில்லை. டப்பாக்காரர்கள் பெயரையாவது போடலாம்.

இப்போது மாடு வருகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரம். அங்கே பல்கலைக்கழக நொதி ஆய்வு நிலையத்தில் டேவிட் கிரீன் என்பவர், செல்லுக்குள் ஏ.டி.பி. தயாராகும் பட்டறையான மைட்டோகாண்ட்ரியாவை மொத்த வியாபாரம் போல நடத்திக்கொண்டிருந்தார். மற்ற ஆராய்ச்சிக்கூடங்களில் எலி ஈரலிலிருந்து சிட்டிகை அளவு எடுப்பார்கள். கிரீனின் கூடத்துக்கு இறைச்சிக்கூடத்திலிருந்து மாட்டு இதயங்கள் வந்து இறங்கும். கொழுப்பைச் சீவி, கொத்தி, அரைத்து, மையவிலக்கியில் சுற்றினால் பழுப்பு நிறத்தில் மைட்டோகாண்ட்ரியா அடியில் தங்கும். ஏன் இதயம்? ராத்திரி, பகல், ஞாயிறு, பொங்கல் எதற்கும் லீவு போடாத தசை அது. அதனால் அதற்குள் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

அந்தக் கூடத்தில் ஃபிரெடெரிக் கிரேன் என்ற செடி ஆராய்ச்சிக்காரர் சேர்ந்திருந்தார். 1957இல் மாட்டு இதயத்துக் கொழுப்பைக் கரைப்பான்களில் கரைத்து வடித்தபோது மஞ்சளாக ஏதோ ஒன்று மிஞ்சியது. புறஊதா ஒளியில் 275 நானோமீட்டரில் அது ஒளியை உறிஞ்சியது. எலக்ட்ரானைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டது, கேட்டால் திருப்பிக் கொடுத்தது. கியூ-275 என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் லிவர்பூலில் மார்ட்டன் என்ற பேராசிரியர் சும்மா இருப்பாரா? வைட்டமின் ஏ ஆராய்ச்சியில் இருந்தவர் அவர். குதிரைக் குடலிலும், வைட்டமின் ஏ கிடைக்காமல் வளர்ந்த எலியின் ஈரலிலும் சம்பந்தமே இல்லாமல் ஒரு பொருள் தலைகாட்டுவதைச் சில வருஷம் முன்பே பார்த்து எழுதி வைத்திருந்தார். அது என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. பார்த்தவர் ஒருவர், வேலையைக் கண்டவர் இன்னொருவர், பொருள் ஒன்று. லிவர்பூல் வைத்த பெயர் யுபிகுவினோன், மேடிசன் வைத்தது கோஎன்சைம் கியூ. இன்றுவரை இரண்டும் நடமாடுகின்றன. விற்பனைக்குத் தோதாக இருப்பதால் டப்பாவில் இரண்டாவது ஜெயித்தது.

அப்படி என்னதான் செய்கிறது இந்த மஞ்சள்? நாம் தின்ற சோறு கடைசியில் எலக்ட்ரான்களாக மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வந்து சேர்கிறது. சவ்வில் பெரிய பெரிய நொதிக் கூட்டங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். முதல் கூட்டத்திடமும் இரண்டாவது கூட்டத்திடமும் எலக்ட்ரானை வாங்கி மூன்றாவதிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும். கல்யாணப் பந்தியில் சமையற்கட்டுக்கும் இலைக்கும் நடுவே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையன் இருக்கிறானே, அவன்தான் கியூ. அவன் நின்றால் பந்தி நிற்கும். அதற்காகப் பையன்களை இரட்டிப்பாக்கினால் சாப்பாடு இரட்டிப்பாகிவிடும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மாத்திரை விளம்பரம் மட்டும் நினைக்கும்.

இதையெல்லாம் எளிதாகச் சொல்லிவிட்டேன். சொல்ல முடிகிற நிலைக்கு வர ஒரு சண்டையே நடந்தது. பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், எலக்ட்ரான் ஓடும்போது புரோட்டான்கள் சவ்வைத் தாண்டித் தள்ளப்படுகின்றன, அவை திரும்பி வரும் வேகத்தில்தான் ஏ.டி.பி. உண்டாகிறது என்று 1961இல் எழுதினார். துறைப் பெரியவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். வயிற்றுப் புண் வேறு. எடின்பரோ வேலையை விட்டுவிட்டு கார்ன்வாலில் ஒரு பாழடைந்த மாளிகையை வாங்கி, தானே நின்று செப்பனிட்டு, குடும்பப் பணத்தில் ஆராய்ச்சிக்கூடம் வைத்தார். கூட ஜெனிஃபர் மாயில் என்ற ஆய்வாளர். பத்திரிகைகளோடு மல்லுக்கட்டாமல் சொந்தச் செலவில் சாம்பல் நிற அட்டை போட்டுப் புத்தகம் அச்சடித்தார். கியூ சவ்வுக்குள் எப்படிச் சுற்றுகிறது என்ற கணக்கையும் 1975இல் அவரே போட்டார். 1978இல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே. சிரித்தவர்கள் பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுதினார்கள்.

மிட்செலை விட்டுவிட்டு நியூ ஜெர்சிக்கு வருவோம். வியாபாரத்துக்கு அங்கேதான் அடிக்கல் விழுகிறது. மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோக்கர்ஸ் என்ற வேதியியல் மன்னர். 1948இல் வைட்டமின் பி12ஐப் பிரித்தெடுத்த கூட்டத்தின் தலைவர். 1958இல் கியூவின் கட்டமைப்பையும் அவர் கூட்டமே தீர்த்து வைத்தது. மோதிரம் மாதிரி ஒரு வளையம், அதற்குப் பின்னால் பத்துக் கண்ணி கொண்ட நீள வால். 10 வந்தது அந்த வாலிலிருந்து. இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1956இல், அதே ஃபோக்கர்ஸ் கூட்டம் மெவலோனிக் அமிலம் என்ற ஒன்றையும் கண்டுபிடித்திருந்தது. உடம்பு கொலஸ்ட்ராலைச் செய்வது அந்த அமிலத்திலிருந்துதான். கியூவின் வாலைச் செய்வதும் அதே அமிலத்திலிருந்துதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வில்லன் பிறகு வருகிறான்.

ஃபோக்கர்ஸ் மெர்க்கை விட்டு விலகி, பிறகு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மனிதர் கியூவை விடவில்லை. 1997இல் இறக்கும்வரை இதயத்துக்கு இது மருந்து என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்கா காது கொடுக்கவில்லை. ஜப்பான் கொடுத்தது. இதயம் தளர்ந்துபோனவர்களுக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று 1974இல் அனுமதி கொடுத்தார்கள். பத்து மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு மூன்று.

சரக்குக்கு எங்கே போவது? நூறு கிராம் வேர்க்கடலையில் இரண்டு மூன்று மில்லிகிராம்தான் கியூ இருக்கிறது. மாட்டு இதயத்தில் அதைவிட அதிகம், இருந்தாலும் ஒரு தேசத்துக்கே மாத்திரை போட எத்தனை மாடு வேண்டும்! அப்போது கைகொடுத்தது புகையிலை. அதன் இலையில் சொலனெசால் என்று ஒரு பொருள் இருக்கிறது, ஒன்பது கண்ணி வால். இன்னொரு கண்ணியைக் கோத்தால் பத்து. ஊருக்கே மாரடைப்பு வாங்கிக் கொடுத்த செடியிலிருந்து இதய மருந்து தயாரானது. பிறகு 1977இல் கனேகா என்ற ஜப்பானிய நிறுவனம் ஈஸ்ட்டை நொதிக்க வைத்துத் தயாரிக்க ஆரம்பித்தது. ஹான்ஸ் பூக்னர் இருந்திருந்தால் நெஞ்சை நிமிர்த்தியிருப்பார். ஈஸ்ட்டிலிருந்து டானிக், எண்பது வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

வில்லன் வந்த இடமும் ஜப்பான்தான். ஆறாயிரம் பூஞ்சைகளைச் சலித்து அகிரா எண்டோ என்பவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான முதல் ஸ்டாடினைப் பிடித்தார். விற்பனைக்கு முதலில் கொண்டுவந்தது மெர்க், 1987இல். ஸ்டாடின் மெவலோனிக் அமிலம் உண்டாகாமல் வாசலிலேயே மடக்கும். கொலஸ்ட்ரால் குறையும், கூடவே இரத்தத்தில் கியூவும் குறையும். மெர்க்குக்கு இது தெரியாமல் இல்லை. ஸ்டாடினையும் கியூ10ஐயும் சேர்த்துக் கொடுக்கும் யோசனைக்கு 1990இல் காப்புரிமை வாங்கி வைத்தது. வாங்கியதோடு சரி, அப்படியொரு மாத்திரை வெளிவரவே இல்லை. வில்லன் என்றேனே, அது கியூவின் கதையில் மட்டும். மாரடைப்பைத் தடுத்த கணக்கில் ஸ்டாடின்தான் கதாநாயகன். ஸ்டாடின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வரும் தசைவலிக்குக் கியூ மாத்திரை கேட்குமா என்று பல சோதனைகள் நடந்தன, ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது.

1994இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, சத்துப் பொருளை விற்பதற்கு முன் அது பலிக்கும் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றாக்கியது. அப்புறம் கேட்க வேண்டுமா? 1998இல் நிவியா இதை முகத்துக்குப் பூசும் கிரீமாக்கியது. 2001இல் ஜப்பானும் உணவுப் பட்டியலில் சேர்த்துக் கடைக்கு அனுப்பியது. நம்மூரில் குழந்தைப்பேறு மருத்துவமனைச் சீட்டுகளில் இது சகஜம்.

சோதனைகள் விளம்பரத்தோடு ஒத்துப்போகவில்லை. பார்க்கின்சன் நோய்க்கு 80 பேரிடம் பார்த்தபோது நம்பிக்கை தெரிந்தது, 600 பேரிடம் பார்த்தபோது பயனில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். இதயத்தில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. கியூ-சிம்பியோ என்ற ஆய்வில் இதயம் தளர்ந்த 420 பேர். பாதிப் பேருக்கு நாளைக்கு 300 மில்லிகிராம் கியூ, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, இரண்டு வருஷம். மருத்துவமனைச் சேர்க்கை, மரணம் போன்ற பெரிய கண்டங்கள் கியூ சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு. 2014இல் வெளியான நல்ல முடிவுதான். ஆனால் சின்ன ஆய்வு. ஆள் சேர்க்கவே பல வருஷம் இழுத்தது. ஃபோக்கர்ஸ் முழுக்கத் தப்பில்லை, முழுக்கச் சரி என்று சொல்லவும் இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.

என் தீர்ப்பு இது. நல்ல உடம்பு தனக்கு வேண்டிய கியூவைத் தானே செய்துகொள்கிறது. மத்தியானம் தூக்கம் வருவதற்கு மைட்டோகாண்ட்ரியாவைக் குற்றம் சொல்லாதீர்கள், ராத்திரி ஃபோனை அணையுங்கள். இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு, அவர் சரி என்றால், எண்ணெய் நெய் சேர்ந்த சாப்பாட்டோடு போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பாலும் வீணாகும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் போடவே கூடாது, அந்த மருந்தின் வேகத்தை இது குறைக்கக்கூடும். ஸ்டாடினை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் இதை வாங்கலாம் என்ற யோசனையில் கடைக்குக் கிளம்பியிருந்தால், தயவுசெய்து வீட்டுக்குத் திரும்புங்கள்.