எல்லாத்துலயும் குளோபல் லேபிளை ஒட்டு, கண்ணு!

வா கண்ணு, உக்காரு. சர்க்யூட்டை ஏழு பக்கமாப் பிரிச்சு வரைஞ்சுட்டயாமா, உன்ற அம்மா ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறா. ரேடியோ ரிப்பேர் பாத்த கெழவனுக்கு, சர்க்யூட் வரையற இந்தக் கிகேட் சாஃப்ட்வேரைப் பத்தி என்ன தெரியும்னு நீ நெனைக்கறது மூஞ்சியிலயே ஓடுது. இருக்கட்டும். படிச்ச புள்ளைக்குப் புத்தி சொல்ற தைரியம் எனக்கு ஏது? நீ செய்யறதையே இன்னும் நல்லாச் செய்யறதுக்கு வழி சொல்றேன், கேட்டுக்க.

முதல் பக்கத்துல எஸ்டிஏ-ன்னு ஒரு லேபிள், அஞ்சாம் பக்கத்துலயும் எஸ்டிஏ-ன்னு ஒரு லேபிள். பேரு ஒண்ணா இருந்தாக் கம்பி தானாப் போயிச் சேந்துக்கும்னு நம்பறயே, அந்த நம்பிக்கையை மட்டும் விட்றாத. ஈகிள்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல வரைஞ்சவனுக்கு அது பலிக்கும். கிகேட்ல சாதா லேபிளு அந்தந்தப் பக்கத்தோட சரி. தெருவுக்கு ஒரு பழனிச்சாமி இருக்கறான். மேலத்தெருக்காரன் வாங்குன கடனைக் கீழத்தெருக்காரனா வந்து கட்டுவான்?

இது தெரிஞ்சதும் நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். எல்லாத்தையும், எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான குளோபல் லேபிளா மாத்துவ. பேஷா மாத்து! எம்சியூ பக்கத்துல டிஎக்ஸ், ஜிஎஸ்எம் மாட்யூல் பக்கத்துலயும் டிஎக்ஸ். ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்கும். ரெண்டு பக்கமும் அனுப்பிக்கிட்டே இருக்கும், வாங்கறதுக்குத்தான் ஆளிருக்காது. இணைப்புல தப்புப் பாக்கற ஈஆர்சி சத்தம் போடும்னு பாக்கறயா? எம்சியூ காலையெல்லாம் ரெண்டு வழியும் போகும்னு சிம்பல்லயே எழுதி வெச்சிருப்பாங்க, அது பொட்டாட்ட இருந்துக்கும். எம்சியூ_டிஎக்ஸ்-னு ஆரோட காலுன்னு சேத்து எழுதி, அந்தப் பேரை மாட்யூலோட ஆர்எக்ஸ் கால்ல போட்டா வேலை முடிஞ்சுது. ஆனா அதுக்கு நாலு எழுத்து எச்சாத் தட்டோணுமே, உனக்கு நேரம் ஏது.

மோட்டார் டிரைவரை ஒரே தடவை வரைஞ்சு, அந்த ஷீட்டையே நாலு தடவை வெச்சிருக்கயே, அது நெசமாவே கெட்டிக்காரத்தனம். அதுக்குள்ளயும் ஸ்டெப்புனு குளோபல் லேபிள் போட்டயே, அங்கதான் நீ நிக்கற. நாலு ஷீட்டுக்கும் ஒரே நெட்டு. ஒரு மோட்டாரைத் திருப்புனா நாலும் சேந்து ஆடும். கும்மிக்கு வேணும்னா ஆகும்.

இந்தக் கிகேட்டை 1992-ல ஆரம்பிச்சவரு ழான்-பியர் ஷாரா, பிரான்சுக்காரரு. பின்னால செர்ன்காரங்களும் கை குடுத்தாங்க. அத்தனை பேரு மெனக்கெட்டு ஹைரார்கிக்கல் லேபிள்னு தனியா ஒண்ணு வெச்சது சும்மா அழகுக்குத்தான், நீ அதைக் கண்டுக்காத. உள்ள அந்த லேபிளைப் போட்டு, மேல் பக்கத்துல அந்த ஷீட்டுப் பெட்டி ஓரத்துல அதே பேருக்கு ஷீட் பின் வெச்சா, நாலு பெட்டிக்கும் நாலு தனித்தனிக் கம்பி இழுத்துக்கலாமாமா. எது உள்ள போவுது, எது வெளிய வருதுன்னு மேல் பக்கத்தைப் பாத்தே சொல்லிரலாமாமா. உன்ற மேல் பக்கத்துல ஏழு பெட்டி அந்தரத்துல தொங்குது, ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. பாக்க எத்தனை சுத்தமா இருக்குது!

பவரு கதை இன்னும் ஜோரு. பவர் சிம்பலு எல்லாப் பக்கத்துக்கும் பொதுங்கறது உனக்கே தெரியும். ஒரு பக்கத்துல +3வி3, இன்னொரு பக்கத்துல +3.3வி. உனக்கும் எனக்கும் அது ஒரே மூணே கால் சொச்சம் வோல்ட்டு, கிகேட்டுக்கு ரெண்டும் வேற நெட்டு. இதுக்கு ஈஆர்சி சத்தம் போட்டுது, பாவம். நீ என்ன பண்ணுன? பிடபிள்யூஆர்_ஃபிளாகை எடுத்து அது வாயில ஒட்டீட்ட. அந்தக் கொடி கரன்டு குடுக்காது கண்ணு, கரன்டு வருதுன்னு ஈஆர்சிகிட்டச் சாட்சி சொல்றதோட சரி. வெளிய இருந்து கனெக்டர் வழியா வர்ற பவருக்கு அது ஞாயமான சாட்சி. உன்ற பக்கத்துல அது பொய்ச்சாட்சி.

சரி, மூஞ்சியத் தூக்காத. ஒவ்வொரு நெட்டா ஹைலைட் பண்ணி, எந்தெந்தப் பக்கத்துல எரியுது, எங்க எரியாம நிக்குதுன்னு பாரு. முதல்ல அந்த டிஎக்ஸை மாத்து, கொடியைப் புடுங்கிப்போட்டு ரெண்டு பவர் பேரையும் ஒண்ணாக்கு. அதுக்கப்பறம் பலகை செய்யறவங்களுக்கு ஜெர்பர் ஃபைலை அனுப்பி, பலகைக்குக் காசு கட்டு.