லேடீஸ் பக்கத்துல லேடீஸ்

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேலே. இருபது வருடமாக மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தத் தூரத்தைக் கடந்துகொண்டிருக்கிறேன். அதில் பாதி, எனக்குப் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்ற யோசனையிலேயே போயிருக்கிறது. மீதிப் பாதி, வண்டியை எப்போது நிறுத்துவார்கள் என்ற யோசனையில். ஜன்னல் வழியே நிலா கூடவே வந்தது என்று யாராவது பயணக் கட்டுரை எழுதினால், எழுதியவர் ஆண் என்று பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

எனக்குப் பயணம் சொல்லிக்கொடுத்தவள் சித்தி. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடம் சேரன்மகாதேவியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்வந்தாள். புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். நீலநிறத் தடுப்பூசிப் பெட்டி ஒன்று தோளில் தொங்கும். உள்ளே நான்கு ஐஸ் பேக். மருந்துக் குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. அந்தப் பெட்டியைத் தனக்கும் பக்கத்து ஆம்பளைக்கும் நடுவில் வைக்க வேண்டும் என்பது சித்தியின் உத்தரவு. “பிள்ளைகளுக்கு இளம்பிள்ளைவாதம் வராம காப்பாத்துனது உள்ள இருந்த மருந்து. என்னையக் காப்பாத்துனது வெளிய இருந்த பெட்டி” என்பாள். பணி ஓய்வின்போது மற்றவர்களெல்லாம் மாலையையும் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போக, இவள் மட்டும் பெட்டியை ஒப்படைக்க மனமில்லாமல் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றாளாம்.

இப்போது இரவு பஸ்ஸுக்குப் போனிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறோம். பெண் என்று குறித்து ஓர் இடத்தை எடுத்ததும் பக்கத்து இடம் ரோஸ் கலராகிவிடும். அதில் இனி இன்னொரு பெண்தான் உட்காரலாம். நல்ல ஏற்பாடு. சித்திகூட “பரவால்லட்டி, பெட்டிய போனுக்குள்ளயே வச்சிட்டானுவ” என்று பாராட்டினாள். கெடுப்பவர்கள், அப்பா பேரில் மகளுக்கும், புருஷன் பேரில் பெண்டாட்டிக்கும் அவசரமாக டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவர்கள். வண்டி கிளாம்பாக்கத்தை விட்டுக் கிளம்புகிற நேரத்தில்தான் பதினொன்றாம் நம்பர் ஆறுமுகம் என்பவர், சுடிதார் போட்ட கல்லூரி மாணவி என்பது தெரியவரும். அவள் பக்கத்தில் நிஜமாகவே ஓர் ஆறுமுகம் உட்கார்ந்திருப்பார்.

அப்போது கிளீனர் தம்பி களத்தில் இறங்குவார். “அக்கா, நீங்க எந்திரிச்சு பதினொண்ணுக்குப் பக்கத்துல வாங்க. சார், நீங்க இருபத்தி மூணு. இருபத்தி மூணு, நீங்க கடைசிக்குப் போங்கண்ணே.” கடைசிக்குப் போக வேண்டியவருக்கு எப்போதும் முதுகுவலி இருக்கும். இருபத்தி மூன்றுக்குப் போக வேண்டியவர் ஏற்கெனவே தூங்கிவிட்டதாக நடிப்பார். சின்ன வயதில் ஆச்சி வீட்டுத் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு போட்டு ஆடு புலி ஆட்டம் ஆடியிருக்கிறேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் மாறி மாறிக் காய் நகர்த்துவோம். பஸ்ஸில் அப்படி இல்லை. புலி உட்கார்ந்த இடத்திலேயே சாய்வை இழுத்துவிட்டுக்கொள்ளும். ஆடுகள்தான் கைப்பை, தண்ணீர் பாட்டில், போர்வை, பாதி கடித்த முறுக்கு சகிதம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருமுறை செங்கல்பட்டு தாண்டுவதற்குள் மூன்று இடம் மாறி, கடைசியில் நான் ஏறும்போது உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தேன். கிளீனர் தம்பி பெருமையோடு, “பாத்தீங்களாக்கா, லேடீஸ் பக்கத்துல லேடீஸ்” என்றார்.

ஸ்லீப்பர் பஸ் இதைவிட விசேஷம். ஒரு பக்கம் ஒற்றைப் படுக்கை, மறுபக்கம் இரட்டை. ஒற்றை எப்போதும் தீர்ந்திருக்கும். இரட்டையில் ஒரு பாதியை எடுத்தால், முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணோடு ஒரே மெத்தையில் படுத்து ஊருக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறார்கள், இதற்கு ஒன்றும் பார்ப்பதில்லை. போன தீபாவளிக்கு எனக்கு வாய்த்தவர் ஐம்பத்தைந்து வயது அம்மா. திரையை இழுத்துவிட்டதும் விசாரணையை ஆரம்பித்தார். எத்தனை பிள்ளைகள், சொந்த வீடா வாடகையா, மாமியார் கூடவா தனியாவா. நான் கொட்டாவி விட்டதும் தன் பக்கத்து வழக்கை எடுத்துவைத்தார். விழுப்புரத்தில் மருமகள் தனிக்குடித்தனம் கேட்டாள். திருச்சியில் மகன் தலையாட்டினான். மதுரை வந்தபோது நானே அந்த மருமகளை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்ற நிலைமைக்கு வந்திருந்தேன். விடியற்காலை கண்விழித்தபோது என் தலை அவர் தோளில் இருந்தது, அவர் சேலை முந்தானை என்மேல் போர்த்தியிருந்தது. வண்ணார்பேட்டையில் இறங்கி, “வாறேன்மா” என்று சொல்லிப் போனார். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. மருமகள் பேர் மட்டும் தெரியும்.

தண்ணீர் விவகாரத்துக்கு வருகிறேன். ஊரெல்லாம் போய்க் கர்ப்பிணிகளிடம் “தண்ணி நெறைய குடிங்க, இல்லன்னா சிறுநீர்ல கிருமி வரும்” என்று முப்பது வருடம் சொன்னவள் சித்தி. அதே சித்தி, இரவு பஸ் என்றால் மாலை நாலு மணிக்கே வீட்டில் குடிநீர் விநியோகத்தை நிறுத்திவிடுவாள். “என்னட்டி முழிக்க? ஊருக்குச் சொல்லுதது வேற, பஸ்ஸுக்கு வேற.” எட்டு மணிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டும். பதினொன்றரைக்கு வண்டி ஏதோ ஒரு நெடுஞ்சாலை மோட்டலில் நிற்கும். “பத்து நிமிசம்!” என்று கிளீனர் பஸ்ஸின் இடுப்பில் தட்டுவார். ஆண்கள் இறங்கி, ஆளுக்கொரு திசையில் இருட்டைப் பார்த்து நடந்து, இரண்டே நிமிடத்தில் டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். நாங்கள் பத்து ரூபாய் கொடுத்து வரிசையில் நிற்போம். உள்ளே தாழ்ப்பாள் இருக்காது. இருந்தால் விளக்கு இருக்காது. இரண்டும் இருந்தால், அது ஆண்கள் பக்கம்.

பத்து நிமிடத்தில் அந்த வரிசை முடியாது என்பது வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது. இதற்குச் சித்தி கண்டுபிடித்த முறையை அவள் பேரிலேயே பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேராகப் போனால் ஒருத்தி வரிசைக்கு, ஒருத்தி பிணைக்கு. பிணை நிற்பவள் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு நேரே நின்று நிதானமாகத் தலைமுடியை அவிழ்த்துக் கோதிக்கொண்டிருக்க வேண்டும். எந்த டிரைவரும், தலைவிரிகோலமாக நிற்கிற பொம்பளையை ஹாரன் அடித்து நகரச் சொல்ல யோசிப்பார். நள்ளிரவு வேறு.

ரயிலில் கழிப்பறை இருக்கிறதே என்பீர்கள். டிக்கெட் கிடைத்தால் நானும் ரயில்தான். 45 வயது தாண்டிய பெண்களுக்கு, இடம் இருந்தால் கீழ்ப் படுக்கையைத் தானாகவே ஒதுக்குகிறார்கள். நமக்கு வயதாகிவிட்டதை நம்மிடம் முதன்முதலில் எழுத்துமூலம் தெரிவிப்பது இந்திய ரயில்வேதான். தெரிவித்த கையோடு, “ஆன்ட்டி, எங்க அம்மாவுக்கு முட்டி வலி, நீங்க மேல போறீங்களா?” என்று இருபது வயதுப் பையன் ஒருவன் வந்து நிற்பான். ரயில்வே சட்டத்தில் 139ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஆண் துணையில்லாமல் போகிற பெண் டிக்கெட் இல்லாமல் அகப்பட்டால்கூட, அவளைக் கண்ட இடத்தில் இறக்கிவிட முடியாது. ஏறிய நிலையத்திலோ, ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் போன்ற இடங்களிலோதான் இறக்கலாம், அதுவும் பகலில்தான். இதைச் சித்தியிடம் சொன்னபோது, “அப்ப டிக்கெட் எடுத்தவள எங்க வேணா இறக்கலாமோ?” என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. ரயில்வே உதவி எண்ணும் 139தான், கேட்டுப் பார்க்கலாம்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தபோது சித்தி ஓய்வு பெற்று வருடங்களாகியிருந்தன. முப்பது வருடம் காசு கொடுத்துப் போனவள், இனி போக வேண்டிய இடம் எதுவும் இல்லாத வயதில் பஸ் இலவசமாகிவிட்டதே என்று ஒரு வாரம் வருத்தப்பட்டாள். எட்டாம் நாள் கிளம்பிவிட்டாள். தான் ஊசி போட்ட பிள்ளைகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவருகிறாள். ஊசி போட்டபோது அழுதவர்கள் இப்போது காபி கொடுக்கிறார்களாம். கையைக் காட்டினால் சில டிரைவர்கள் பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தத்தைப் பார்க்காத மாதிரி இருபது அடி தள்ளிப் போய் நிறுத்துகிறார்கள். நாங்கள் ஓட வேண்டும். சீட்டுக்குக் காசு இல்லை, ஓட்டம்தான் கட்டணம்.

அதற்கு அடுத்த வருடம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பஸ்ஸில் பெண்ணை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது எல்லாம் குற்றம், அப்படிச் செய்கிறவரை நடத்துநர் இறக்கிவிடலாம். நல்ல விதி. கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது எங்கள் தடத்து நடத்துநர் ஒருவர் முறைக்கிற முறைப்பைப் பார்த்தால், முதலில் அவரை யார் இறக்கிவிடுவது என்று மட்டும் விதியில் இல்லை.

விதியெல்லாம் வருவதற்கு முன்னால் ஊக்கு இருந்தது. 1849இல் வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் 15 டாலர் கடனை அடைக்க உட்கார்ந்த இடத்தில் கம்பியை வளைத்து சேஃப்டி பின்னைச் செய்து, அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டாராம். பாவம், கூட்ட நேரத்து டவுன் பஸ்ஸை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விலையை ஏற்றியிருப்பார். என் தோழிகள் எல்லோரும் ஊக்குக் கட்சி. சித்தி மட்டும் எதிர்க்கட்சி. “முப்பது வருசம் ஊசி குத்துனவ நான். குத்தணும்னா முதல்ல ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். அந்தப் பயலுக்கு எவ துடைக்க?”

அவள் முறை வேறு. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை கூடப் போயிருந்தேன். பேட்டை தாண்டியதிலிருந்து பின்னால் ஒருவன் பஸ் ஆடாதபோதும் ஆடிக்கொண்டிருந்தான். நான் பெட்டியைத் தேடினேன். அன்றைக்குப் புதன்கிழமை இல்லை. சித்தி திரும்பி, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினாள். பிறகு பிரசவ வார்டில் பேசுகிற குரலில் பஸ் முழுக்கக் கேட்கும்படி, “ஏப்பா, உடம்புக்கு என்ன செய்யுது? நிக்க முடியலயா? காலு தள்ளாடுதே! ஏ கண்டக்டரே, இந்தப் பையனுக்கு வலிப்பு கிலிப்பு வரும்போலுக்கு, சாவி இருந்தாக் கையில குடுங்க!” என்றாள். ஏழெட்டுப் பேர் எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள். ஒரு பாட்டி அவன் நெற்றியில் திருநீறு பூசினாள். பத்தமடையில் இறங்கி ஓடிவிட்டான். அவன் ஊர் பத்தமடை இல்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியும்.

இத்தனை பார்த்தும் எனக்கு அந்த வாய் வரவில்லை. ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் இடத்தில் நான்காவது ஆளாக ஒடுங்கி, தொடைக்கு நடுவே அரிசி மூட்டை வைத்திருப்பதுபோல் அகட்டி உட்காருகிறவரின் பக்கத்தில் லஞ்ச் பையை நட்டுவைத்து, இறங்கும்வரை இரும்புக் கம்பியை முகர்ந்துகொண்டு வருகிறவள்தான் நான். மனதுக்குள் மட்டும் தினமும் நாலு பேருக்கு நாடி பார்ப்பேன்.

போன மாதம் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு விசேஷ வீட்டுக்குப் போனேன். நல்ல கூட்டம். சேரன்மகாதேவியில் ஏறிய ஒருவன் என் தோள்மேல் சாய்ந்தான். ஒரு அங்குலம் நகர்ந்தேன், அவனும் நகர்ந்து சாய்ந்தான். வீரவநல்லூர் வந்ததும் எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. சட்டென்று திரும்பி மணிக்கட்டைப் பிடித்து, எனக்கே அடையாளம் தெரியாத குரலில், “தம்பி, உடம்புக்கு என்ன செய்யுது?” என்றேன்.

“மூணு நாளா நல்ல காய்ச்சல்க்கா” என்றான். கை நெருப்பாய்ச் சுட்டது.

பஸ் முழுக்க என்னையே பார்த்தது. பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாந்தி இருக்கா என்று கேட்டுவைத்தேன். நேற்று ராத்திரி இரண்டு தடவை என்றான். மோஷன் எப்படி என்று பின்சீட்டுக்காரர் கேட்டார். பதில் எல்லோருக்கும் கேட்டது. அதற்கு மேல் எனக்குப் பாடம் தெரியாது. போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டு, கிசுகிசுப்பாக விஷயத்தைச் சொன்னேன்.

“நெசமாவே காய்ச்சலா?” என்று ஒரு நொடி யோசித்தாள். “அவன்ட்ட போனக் குடு.”

கொடுத்தேன். அவன் “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பள்ளிக்கூடத்து அசெம்பிளியில் நிற்பதுபோல் நேராக நின்றான். கல்லிடைக்குறிச்சிவரை அசையவே இல்லை.

“என்ன சித்தி சொன்ன?”

“கஞ்சி குடி, நாளைக்கு ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணுன்னேன். இப்ப கம்பியப் பிடிச்சு நேரா நில்லுன்னேன். காய்ச்சல்னா மட்டும் பொம்பளப் பிள்ள தோளு என்ன சுவராட்டி?”