சப்பை மூக்கு அழகி

கேள்வி: ஆசைப்பட்டுப் பாரசீகப் பூனை வாங்கிவிட்டேன். இனத்தோடு வரும் நோய்கள் உண்டாமே?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: உண்டு. மூக்கைச் சப்பையாக்கி ரசித்தவன் மனிதன். மூச்சு வாங்குவது பூனை! அதை அக்னித் தலத்தில் வேறு குடிவைத்திருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் குளிர்ந்த அறை கொடுங்கள். வழியும் கண்ணைத் தினமும் துடையுங்கள்.

பெரிய சங்கதி சிறுநீரகத்தில். பரம்பரையாக வரும் நீர்க்கட்டி பிறவியிலேயே ஒளிந்திருந்து, பெரும்பாலும் ஏழு வயதுவாக்கில்தான் தொல்லை காட்டும். 10 மாதம் தாண்டியதும் வயிற்றை ஸ்கேன் செய்தால் திருடன் அகப்படுவான். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போனாலும் தகும். மருந்தால் கட்டி கரையாது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம். எனவே கட்டி தெரிந்தால், பேரன் பேத்தி ஆசையை விட்டுக் கருத்தடை செய்துவிடுங்கள்.