1992ஆம் ஆண்டின் தலைசிறந்த படம்: தகடூர் நாட்டுச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய தகடூரான தருமபுரியைப் பற்றி எழுதும் எந்தக் கட்டுரையும் அதியமானில் தொடங்க வேண்டும் என்பது கல்வித்துறையின் எழுதாத சட்டம். மாம்பழ விளைச்சலைப் பற்றியதானாலும் சரி, மண்ணரிப்பைப் பற்றியதானாலும் சரி, முதல் பத்தியிலேயே அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்துவிட வேண்டும். கொடுத்தாயிற்று. இனி ஆய்வுக்குள் போகலாம்.

ஆய்வுக் களம், பென்னாகரம் சாலையில் ஒரு டீக்கடையின் இரண்டு பெஞ்சுகள். ஆய்வுச் சிக்கல், 1992இல் வந்த படங்களில் எது உசத்தி என்பது. முப்பது வருடத்துக்கு மேலாகத் தீராத வழக்கு இது. இக்கட்டுரையும் தீர்க்காது. தீர்த்துவிட்டால் அடுத்த கட்டுரைக்கு என்ன செய்வது?

முதலில் கட்சிகள். பொங்கலுக்கு வந்த 'சின்னக் கவுண்டர்' கட்சி, பம்பரக் காட்சியைத் தாண்டி வேறு சான்று காட்டுவதில்லை. டிசம்பர் 4இல் வந்த 'நாளைய தீர்ப்பு' கட்சிக்கு ஒரே உறுப்பினர். விஜய் அதில் கதாநாயகனாக அறிமுகமானபோது அந்த உறுப்பினர் பிறக்கவே இல்லை.

'அண்ணாமலை' கட்சி பழமையானது. படம் ஜூன் 27இல் வந்தது. கட்சி அதற்கு முந்தியது. தருமபுரி நடுகற்களில் பல, மாடு மீட்கப் போய் மாண்டவர்களுக்கு எடுத்தவை. அண்ணாமலை பால்காரன், மாடு உண்டு. ஆகவே படம் கரந்தைத் திணை; ஆகவே இந்த மண்ணின் படம் (கிழக்குப் பெஞ்ச், இடது ஓரம்). ரஜினியின் முன்னோர் ஊர் என்று சொல்லப்படும் நாச்சிக்குப்பமும் அன்று தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்தபோது கட்சியின் முதன்மைச் சான்று கிருஷ்ணகிரியோடு போய்விட்டது. ஒரே அரசாணையில் ஓர் ஆய்வே அனாதையானது வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் 'ரோஜா'. ஆகஸ்ட் 15 வெளியீடு. இவர்கள் நீர்வீழ்ச்சிவாதிகள். ரகுமானின் முதல் படம், மணிரத்னம், காஷ்மீர் எல்லாம் இவர்களுக்குத் துணைச் சான்றுகள்தான். 'சின்னச் சின்ன ஆசை' பாட்டு எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று ஒகேனக்கல் என்பதே மூலச் சான்று. "நம்ம தண்ணி அதுல ஓடுதுண்ணா" (மேற்குப் பெஞ்ச், நடு இடம், இரண்டாம் டீ). அந்தத் தண்ணீர் கர்நாடகத்திலிருந்து வருகிறது என்று ஒருவர் சொன்னார். அதன்பிறகு நடந்ததைக் காவிரி வரலாற்றில் படித்துக்கொள்ளலாம்.

இக்கட்சிக்கு ஒரு சொற்பொருள் சிக்கலும் உண்டு. 'ரோஜா' படத்தில் நடித்தவர் மதுபாலா. ரோஜா என்ற நடிகை அதே ஆண்டு தமிழில் அறிமுகமான படம் 'செம்பருத்தி'. எனவே 'ரோஜா படம்' என்று ஒரு பெரியவர் சொன்னால் எந்தப் பூ என்று விசாரித்தே சான்றைப் பதிய வேண்டும். விசாரிக்காமல் பதிந்ததில் எனக்கு மூன்று மாத வேலை வீண். நெறியாளரிடம் சொன்னேன். "ரெண்டும் பூதானே" என்று கையெழுத்துப் போட்டார்.

'ரோஜா', 'அண்ணாமலை' இரண்டையும் தயாரித்தது பாலசந்தரின் கவிதாலயாவே. பெஞ்சில் யார் ஜெயித்தாலும் லாபம் ஒரே வீட்டுக்குத்தான் என்பதை அறிவித்தேன். இரு கட்சியும் சேர்ந்து என்னைப் பார்த்தன. ஆய்வு அன்றைக்கு அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

விருதுகளும் உதவவில்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது 'தேவர் மக'னுக்கு. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது 'ரோஜா'வுக்கு. பந்தியில் சண்டை வரக் கூடாதென்று இரண்டு இலையிலும் லட்டு வைத்த மாதிரி.

இனி கட்டுரையின் இதயம்: கால ஆராய்ச்சி. 'தேவர் மகன்' 1992 அக்டோபர் 25, தீபாவளியன்று வந்தது என்பார்கள். எங்கே வந்தது? சென்னையில். சினிமா வியாபாரத்தில் நம் மாவட்டம் சேலம் ஏரியா. அதற்குள் ஏ, பி, சி என்று சென்டர்கள். அந்நாளில் பெரிய ஊரில் ஓடிக் களைத்த பெட்டிதான் டூரிங் டாக்கீஸுக்கு வரும். எங்கள் கிராமத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்து 'தேவர் மகன்' பார்த்தபோது பொங்கல் கரும்பு தின்று முடித்திருந்தோம். ஆகவே அது 1993ஆம் ஆண்டுப் படம் (கிழக்குப் பெஞ்ச், மூன்றாம் டீ, சர்க்கரை கம்மி, ஒப்பிடுக: அதே பெஞ்ச், முந்தின நாள், அதே நபரின் மறுப்பு). இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், சங்க காலத்தை முந்நூறு வருடம் முன்னும் பின்னும் தள்ளி ஆளுக்கொரு முனைவர் பட்டம் வாங்கியவர்களைப் பார்த்து ஏன் சிரிப்பதில்லை? நாங்கள் மூன்றே மாதம் தள்ளினோம்.

சிக்கல் அத்தோடு நிற்கவில்லை. ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினாலு ரீலாவது வேண்டும். பெட்டி பல ஊர் சுற்றி வருவதற்குள் ரீல் அறுந்திருக்கும், ஒட்டியிருப்பார்கள், கடைசி பஸ்ஸை நினைத்து ஆபரேட்டர் ஒரு பாட்டைக் கழித்திருப்பார். பென்னாகரத்தார் பார்த்த 'தேவர் மகன்' வேறு, பாலக்கோட்டார் பார்த்தது வேறு. பாலக்கோட்டுப் பாடத்தில் ஒரு பாட்டு இல்லை. அரூர்ப் பாடத்தில் இடைவேளைக்குப் பின் இரண்டு ரீல் முன்பின்னாக மாறி, அடி வாங்கியவர் அடுத்த காட்சியில் கட்டுப் பிரித்து, அதற்கடுத்த காட்சியில் அடி வாங்கினார். எங்களுக்கு அது நவீன உத்தியாகப் பட்டது. மூலபாடம் எது? உ.வே.சா. ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். இங்கே ஏட்டையே ஊருக்கு ஊர் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பாடம் ஒப்பிடாமல் படத்தை மதிப்பிடுவது அறிவியலாகாது (மேற்குப் பெஞ்ச், எழுந்து நின்ற நிலை, வேட்டியை மடித்துக் கட்டிய பின், சான்றின் பிற்பாதி தக்காளி லாரி ஹாரனில் சிதைந்துள்ளது).

மறுப்பாளர் ஒருவர் 'தகடூர் யாத்திரை'யை இழுத்தார். அதியமானுக்கும் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்த போரைப் பாடிய அந்நூலில் சில பாடல்களே மிஞ்சின. தொலைந்த பகுதியில் 1992 பற்றிய குறிப்பு இல்லையென்று யாரால் நிறுவ முடியும் என்றார். பதில் சொல்ல முடியவில்லை. தொலைந்த நூலை மேற்கோள் காட்டுபவரை வென்ற ஆராய்ச்சியாளர் தமிழில் இன்னும் பிறக்கவில்லை.

கடைசியாக, அந்நாளில் சைக்கிள் கேரியரில் படப்பெட்டி சுமந்த பெரியவரைக் கண்டுபிடித்தேன். கட்சி சாராத ஒரே சான்றாளர். பெஞ்சில் உட்கார வைத்து, டீ சொல்லி, கேட்டேன்.

"தொண்ணூத்திரண்டுல எந்தப் படம்ண்ணா உசத்தி?"

டீயை ஊதினார். "ரோஜா லேசு. அண்ணாமலை பாரம், மேட்டுல எறங்கித் தள்ளணும்."

"அதில்லண்ணா, பாக்கறதுக்கு?"

"நான் எங்கப்பா பாத்தேன்? படம் போட்டதும் தூங்கிடுவேன். பெட்டிய அடுத்த ஊருக்கு விடியறதுக்குள்ள குடுக்கணுமில்ல."

பெஞ்ச் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு நாச்சிக்குப்பம் தரப்பிலிருந்து ஒரு குரல்: "அப்ப பாட்சா எத்தன கிலோ இருக்கும்ண்ணா?"