மலைக்கு வால் முளைச்ச கதை

வாடா அப்புனு, சித்தெ உக்காரு. வாத்தியார் எழுதின ‘ஹிமாலயாஸ்’ல கடைசி ‘ஸ்’ தப்புன்னு சபையில எந்திரிச்சுச் சொன்னியாமா? ஹிமம்னா பனி, ஆலயம்னா இருப்பிடம், ஒத்தை இருப்பிடத்துக்குப் பன்மை எதுக்குன்னு கேட்டியாமா? கெட்டிக்காரன்தான் சாமி. சமஸ்கிருதத்துல நீ சொல்றது சரி. ஆனா அவர் எழுதினது இங்கிலீசாச்சே!

அந்த மொழியில மலைத்தொடர் பேரெல்லாம் பெரும்பாலும் பன்மைதான். ஆல்ப்ஸ், ஆண்டீஸ், ராக்கீஸ்னு சொல்லிப் பழகின வாயி, நம்ம மலைக்கும் ஒரு வாலை ஒட்டிருச்சு. பொருந்தாமயும் இல்ல. சுமார் 2,400 கிலோமீட்டர் நீளம், பெரிய இமயம், சின்ன இமயம், அடிவாரத்துல சிவாலிக்னு வரிசை வரிசையாக் கிடக்குதே! அகராதியும் ஒத்துக்கிட்டாச்சு.

மலையேறிகள்ல சில பேரு வாலில்லாம ‘தி ஹிமாலயா’ன்னே எழுதறாங்க. அதுவும் சரி, நீயும் எழுது. வால் இல்லீன்னா ‘இஸ்’, இருந்தா ‘ஆர்’. முன்னால ‘தி’யை முழுங்கிராதே. ஒரே பக்கத்துல ரெண்டையும் கலந்தீன்னா உம்பட காதைத்தான் திருகோணும். ஒத்தைச் சிகரத்துக்குப் பெரும்பாலும் ‘தி’ வேண்டாம். மவுண்ட் எவரெஸ்ட்னா போதும்.

உச்சரிப்புக்கும் சண்டைக்குப் போகாதே. சர்வேயர் ஜெனரலா இருந்த ஜார்ஜ் துரை தன் பேரை ‘ஈவ்ரெஸ்ட்’னுதான் சொல்லிக்குவாரு. 1865ல சிகரத்துக்கு அவர் பேரை வெச்சுப்போட்டு, இங்கிலீசுக்காரங்களே அதை ‘எவரெஸ்ட்’ ஆக்கிட்டாங்க. சொந்தத் துரை பேருக்கே அந்தக் கதின்னா, நம்ம ஆலயத்துக்கு என்ன மரியாதை எதிர்பாக்கறே?

‘நீலகிரி ஹில்ஸ்’னு எழுதினவனையும் வெச்சு வாங்குனியாமா, கிரின்னாலே மலைதானேன்னு? நாயம்தான். அப்புறம் ‘நீலகிரி மலைக்குப் போறேன்’னு அம்மிச்சிகிட்டக் காசு வாங்கினது யாரப்பா? அந்த மாவட்டத்துப் பேரே இங்கிலீசுல ‘தி நீல்கிரிஸ்’. சர்க்காரே வால் வெச்சுருக்குது, போயி அறுத்துப் பாரு!

வேத்து மொழிக்குக் குடி போன பேரு அந்த மொழி இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டதுதான், கண்ணு. ரெண்டுல எதை எழுதினாலும் குத்தமில்ல. ஒண்ணை மட்டும் படிச்சுப்போட்டு, மத்ததை எழுதினவனை முட்டாள்னு சொல்றதுதான் குத்தம்.