சத்தம் போடாத கிருமி

கேள்வி: மடிநோயைப் பற்றி எழுத மொன்றியலில் மாடு எங்கே இருக்கிறது?
(வாசகர், பார்க் எக்ஸ்டென்ஷன்)

பதில்: தீவின் மேற்கு முனைவரை ஒருநாள் போய்ப் பாருங்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வளாகத்தில் மாட்டுக்கொட்டிலே இருக்கிறது. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் பெயருக்குத்தான் மொன்றியல். இருப்பது கிழக்கே ஒரு மணி நேரத் தூரத்தில், சாந்தியாசாந்த் ஊரில்.

கேள்வி: பாலில் வெள்ளையணுக்கள் இருக்கின்றனவாமே! கேட்டதிலிருந்து குடிக்கவே மனமில்லை.
(வாசகி, கோட் தெ நேஜ்)

பதில்: மனம் கோணாமல் குடியுங்கள். தாய்ப்பாலிலும் அவை உண்டு. நல்ல மடியென்றால் மில்லிலீட்டருக்கு 1 இலட்சத்துக்குள் இருக்கும்; 2 இலட்சத்தைத் தாண்டினால் உள்ளே கிருமி என்று சந்தேகிப்பார்கள். கனடாவில் பண்ணைப் பாலுக்கு 5 இலட்சமாக இருந்த உச்சவரம்பை 2012இல் 4 இலட்சமாகக் குறைத்தார்கள். அந்த அணுக்கள் கிருமியல்ல, கிருமியைத் தேடி வந்தவை.

கேள்வி: கிருமி வந்த செய்தியை அவற்றுக்கு யார் சொல்வது?
(கல்லூரி மாணவி, லவால்)

பதில்: மடியின் உட்சுவரில் பால் சுரக்கும் செல்களே சொல்லும். ஈ.கோலை பக்டீரியாவின் மேலுறையில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. அதை இனங்காண அந்தச் செல்களிலும், மடிக்குள் காவலிருக்கும் மக்ரோபேஜ்களிலும் டி.எல்.ஆர்.4 என்ற உணர்வி உண்டு. அதில் பட்டதும் இரசாயன அழைப்பு கிளம்பும்; சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் இரத்தத்திலிருந்து மடிக்குள் பாயும். காய்ச்சல், வீக்கம், தண்ணீராய்ப் பால். மாடு துடித்துப்போகும், சில மாடுகள் செத்தும்போகும். ஆனால் தப்பிப் பிழைத்த மடியில் அந்தக் கிருமி பெரும்பாலும் மிஞ்சாது.

ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் வேறு சாதி. அதற்கு அந்த மேலுறை இல்லை. அழைப்பும் மெலிது, வரும் படையும் கொஞ்சம். அதற்குள் அது பால் சுரக்கும் செல்லுக்குள்ளேயே புகுந்து குடியேறிவிடும். பால் பார்வைக்கு நல்ல பால். மாடு தின்னும், அசைபோடும், கறவை மட்டும் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். ஆர்ப்பாட்டமாய் வரும் முதலாவதைவிட எனக்கு இதனிடம்தான் பயம்.

இதையெல்லாம் தட்டில் வைத்துப் பார்க்க மக்டொனால்ட் வளாகம் ஒரு கொடை தந்தது. 1991இல் ஹுய்ன், ரொபிதாய், டர்னர் ஆகிய மூவரும் பசுவின் பால் சுரப்பிச் செல்களை ஆய்வகத்தில் ஓயாமல் பெருகவைத்தார்கள். பெயர் மாக்-டி. பல நாட்டு ஆய்வகங்கள் மடிநோய்க் கிருமிகளைச் சோதிப்பது அந்த வம்சத்துச் செல்களில்தான்.

கேள்வி: இவ்வளவு படை வந்தும் ஏன் தோற்கிறது?
(அதே மாணவி)

பதில்: களம் பால் என்பதால். நியூட்ரோபில் கிருமியை விழுங்கத்தான் வருகிறது. வழியில் கொழுப்புத் துளியையும் கேசீன் புரதத்தையும் விழுங்கி வயிறு நிறைந்துவிடும். அப்போதும் கைவிடாது. தன் டி.என்.ஏ.யையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும். இந்த வலையை 2004இல்தான் விஞ்ஞானம் கண்டது. பாலுக்குள்ளும் அது வேலை செய்கிறது.

கேள்வி: ஆய்வகம் இருக்கட்டும். பட்டியில் நான் என்ன செய்ய?
(விவசாயி, கிளிநொச்சி)

பதில்: ஐயா, கறந்து முடித்ததும் தீவனம் போடுங்கள். காம்பின் துவாரம் இறுக மூட ஒரு மணி நேரமாவது ஆகும். தின்னும் மாடு படுக்காது, காம்பு சாணியில் படாது. முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டு, திரியோ கட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். கலிபோர்னியா சோதனைத் திரவம் கிடைத்தால் இன்னும் நல்லது. அது சவர்க்காரம் போன்றது. வெள்ளையணுக்களை உடைக்கும், வெளிவரும் டி.என்.ஏ. பாலைக் கூழாக்கும். தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சை இந்தியாவில் பலர் பூசுகிறார்கள். மாடு தீவனத்தை விட்டால் மட்டும் பூச்சோடு காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: தடுப்பூசி?
(வாசகர், பிரோசார்)

பதில்: ஈ.கோலைக்கு ஜே-5 இருக்கிறது. நோயை முழுதாய்த் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். ஓரியஸ் செல்லுக்குள் ஒளிந்திருப்பதால், ஊசி உண்டாக்கும் எதிர்ப்பொருளுக்கு அங்கே வழியில்லை.