மூன்று விசில் கோட்பாடு: இல்லற நற்பழக்கங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

புதிய பழக்கம் தனியே நிற்காது. ஏற்கெனவே நாள்தோறும் நடந்துவரும் ஒரு காரியத்தோடு அதைக் கட்டிவிட வேண்டும் என்பது பழக்கவியலார் கண்ட விதி. எந்தக் காரியத்தோடு என்பதில்தான் சிக்கல். பல் துலக்குவது ஆளுக்கொரு நேரத்தில் நடக்கிறது. காபி ஆறிய பிறகுதான் சிலர் எழுந்திருக்கவே செய்கிறார்கள். வீட்டார் அனைவர் காதிலும் ஒரே சமயத்தில் விழுவது, கேட்கவில்லை என்று எவரும் சாதிக்க முடியாதது, விடுமுறை நாளிலும் விடுமுறை எடுக்காதது குக்கர் விசில் ஒன்றே. நற்பழக்கங்களுக்கு அதுவே தலைசிறந்த கட்டுத்தறி என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோர் முடிபுகள்

குக்கரின் மூதாதையான ஆவிக்கலத்தை 1679இல் உருவாக்கியவர் டெனி பாப்பின். அது எலும்பையே மெத்தென்று ஆக்கியது. மனிதனின் சோம்பலையும் அவ்வாறே ஆக்குமா என அவர் சோதிக்காமல் விட்டதால்தான் இந்த ஆய்வுக்கு இடம் கிடைத்தது. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் தம் உளவியல் பெருநூலில் பழக்கத்துக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் பி.ஜே. ஃபாக், பல் துலக்கியதும் ஒரே ஒரு பல்லின் இடுக்கை நூலால் சுத்தம் செய்தால் போதும், அதிலிருந்து தொடங்கலாம் என்றார். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வோ, ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலையை எட்ட 18 முதல் 254 நாள்வரை ஆகலாம் என்கிறது. இவற்றுள் 18 என்பது நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் மதிப்பு. 254 என்பது வீட்டார் வைத்திருப்பது.

3. கோட்பாடு

குக்கருக்குள் அழுத்தம் ஏற ஏற நீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 120க்கு உயர்கிறது. ஒரு கட்டத்தில் ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு சீறுகிறது. முதல் விசில் வரத் தாமதமாகும்; அடுத்தவை விரைந்து வரும். ஆகவே நீண்ட பணிகள் முதல் விசிலுக்கு முன்னும், குறும்பணிகள் அதற்குப் பின்னும் அமைய வேண்டும். முதல் விசில் வரும்வரை மொட்டைமாடியில் நடை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே தோப்புக்கரணம். மூன்றாவதில் பிரஷர் மாத்திரை. பெயர்ப் பொருத்தம் தற்செயலானது.

சாதத்துக்கு மூன்று விசில் போதும். கொண்டைக்கடலைக்கு அது போதாது என்பதால் சுண்டல் நாளில் தோப்புக்கரணம் கூடுகிறது. நவராத்திரி முடிவில் தேசமே திடகாத்திரமாகிவிடும் என்பது இதிலிருந்து தானே பெறப்படும்.

4. இடர்ப்பாடுகள்

அ. கேஸ்கட் தளர்ந்தால் ஆவி பக்கவாட்டில் கசியும், விசில் வராது. நடக்கப் போனவர் மொட்டைமாடியிலேயே நடந்துகொண்டிருப்பார்.

ஆ. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எதிர்வீட்டுப் பருப்புக்கு இந்த வீட்டில் மாத்திரை விழுங்கப்படும்.

இ. "எத்தனை விசில் வந்துச்சு?" என்ற கேள்வி சமையலறையிலிருந்து எழும்போது கூடத்தில் இருப்பவர்கள் "ரெண்டு" என்றும் "நாலு" என்றும் விடையளிப்பார்கள். முதலாமவர் தோப்புக்கரணத்தைத் தள்ளிப்போட்டவர். இரண்டாமவர் முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்பவர்.

5. ஆய்வில் எதிர்பாராமல் தட்டுப்பட்டது

இன்னார் இன்ன விசிலில் இன்னது செய்வார் என்ற அட்டவணையைத் தயாரித்தபோது அப்பாவின் நடை, மகனின் ஆங்கிலச் சொற்பட்டியல், மகளின் மூச்சுப்பயிற்சி, தாத்தாவின் மாத்திரை எல்லாம் அதில் இடம்பெற்றன. குக்கர் வைப்பவர் பெயர் மட்டும் இல்லை. அவருக்குத்தான் குக்கர் வைக்கிற பழக்கம் இருக்கிறதே என்பது மற்றவர்கள் தந்த விளக்கம்.

மேலும் கவனித்ததில், முதல் விசிலுக்குள் தேங்காய் துருவுவது, இரண்டாவதுக்குள் டிபன் டப்பாக்களைத் துடைத்து வைப்பது, மூன்றாவது வருவதற்குள் தாளிப்பது என அவர் முன்பே அடுக்கி வைத்திருந்தது தெரியவந்தது. ஃபாக்கின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. எத்தனை நாளில் பழகியது என்ற வினாவுக்கு, "யாரு பழகினா? செஞ்சுதானே ஆகணும்" என்றே விடை கிடைத்தது. இவ்விடை லாலி குழுவினரின் எல்லைகளுக்குள் அடங்கவில்லை.

6. முடிவுரை

கோட்பாட்டின் உறுதியைச் சோதிக்க வாய்ப்பு ஒன்று தானாக அமைந்தது. குக்கர் வைப்பவர் ஒரு வாரம் தாய்வீடு சென்றார். அந்த வாரம் நடை, தோப்புக்கரணம், சொற்பட்டியல், மூச்சுப்பயிற்சி நான்கும் ஒருங்கே நின்றன, மாத்திரையும் மறந்துபோனது. காரணம் காண ஒன்றுகூடிய குடும்பத்தார் நெடுநேரம் விவாதித்து, கேஸ்கட் பழசாகிவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். அவர் திரும்பி வரும்போது வாங்கி வரும்படி போனில் சொல்லப்பட்டது.